ஆளில்லாத பங்களா

உப்பளத்து வேலை முடிந்து வந்த சந்தனமாரி, காலில் ஒட்டிய உப்பைக்கூடக் கழுவாமல் ஓவியரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் குடியிருக்கும் இடிந்த பங்களாவைத்தான் மூன்று நாளாக வரைகிறார். கூரையைப் பிளந்த ஆலமரம், சுவரை நெரிக்கும் வேர், மஞ்சள் வெயில் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கொடியில் காயும் அவளுடைய சேலையையும் தகரக் கதவையும் மட்டும் காணோம்.

“என் கதவ எங்க சார்?”

“வேண்டாம்மா. பாழடைஞ்ச இடத்துல ஆளே இருக்கக் கூடாது. அப்பத்தான் பாக்குறவங்க மனச என்னமோ செய்யும்.”

“பதினோரு வருசமா எனக்கும் செய்யுது. ஒரு மழைக்கு உள்ள வந்து படுத்துப் பாருங்க, உங்களுக்கும் செய்யும்.”

ஓவியர் சிரித்துவிட்டார். “இடத்த வாங்குனவரு ஆளில்லாத பங்களான்னுதான் வரையச் சொன்னாரு.”

“திங்கக்கிழமக்குள்ள என்னையக் காலி பண்ணச் சொன்னதும் அவருதான்.”

அவர் சிரிப்பு நின்றது. கை நிற்கவில்லை. “இந்த வெயில் இன்னும் அரை மணிதாம்மா இருக்கும்.”

சந்தனமாரி உள்ளே போனாள். அடுப்பில் காய்ந்த சுள்ளியைப் பற்றவைத்து, மேலே பச்சை உடைமரக் கிளைகளைத் திணித்து ஊதினாள். கண் எரிந்தது. பிளந்த கூரை வழியே புகை எழும்பி, ஆலமரத்தையும் வெயிலையும் சேர்த்து மூடியது.

“யம்மா, கொஞ்ச நேரம் நிறுத்தும்மா!”

“சோறு பொங்க வேண்டாமா சார்?” என்று இன்னொரு கிளையை ஒடித்துப் போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே எட்டிப் பார்த்தாள். ஓவியர் புகையைப் பார்த்துப் பார்த்து, வெள்ளையில் கொஞ்சம் கறுப்பைத் தொட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார்.