பின்கதவு

பாண்டிபஜார் ஆபீஸில் கோதைக்கு வேலையே குப்பை பொறுக்குவதுதான். டாஸ் கம்ப்யூட்டரில் அடித்த ஃபைலை யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றினால், வரிக்கு வரி வேண்டாத குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவள்தான் துடைத்தெடுப்பாள்.

அன்று வந்தது, தீயில் பெண்கள் கருகிச் செத்த ஒரு தையல் கம்பெனி கோர்ட்டுக்குத் தரும் அறிக்கை. ‘பின்கதவு திறந்தே இருந்தது’ என்ற வரியில் மட்டும் மணியடிக்கும் குறி ஒன்று. அந்த வரி திரைக்கு வந்தாலே கம்ப்யூட்டர் ‘பீப்’ என்றது. குறியை அழித்தாள். மறுபடி திறந்தால் மறுபடி ‘பீப்’.

“இன்னுமா எடுக்கல?” என்றார் மேனேஜர் சுவாமிநாதன்.

“எடுத்துட்டேன் சார். திரும்ப வந்துகினே இருக்கு.”

கோதை ‘திறந்தே இருந்தது’ என்பதை ‘பூட்டியிருந்தது’ என்று மாற்றினாள். சத்தம் நின்றது.

“யாரைக் கேட்டு மாத்தினே? பழையபடி அடி!”

“என் கையால அடிக்க மாட்டேன். வேணும்னா நீங்களே அடிச்சுக்குங்க.”

அவரே அடித்தார். கம்ப்யூட்டர் வாய் திறக்கவில்லை. ஆபீஸின் பின்கதவைத்தான் யாரோ தட்டினார்கள். அது மூன்றாவது மாடி. அந்தப் பக்கத்துப் படிக்கட்டை இடித்து வெகுநாளாகிறது.

“திறக்காதேம்மா,” என்றார் சுவாமிநாதன்.

கோதை சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.