பதினோரு ஆட்சேபணை

நோட்டீஸ் ஒட்டிய முதல் நாளே ஆட்சேபணை வந்துவிட்டது.

"யாருங்க குடுத்தது?" என்று கேட்டாள் ஜோஹரா.

கலெக்டர் ஆபீஸ் கிளார்க் மனுவைத் திருப்பிக் காட்டினார். கீழே முத்து முத்தான கையெழுத்து. சக்ரவர்த்தி.

ஜோஹரா அந்தப் பேரை இரண்டு தடவை படித்தாள். பக்கத்துத் தெரு சக்ரவர்த்தி சார். இதே ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிட்டயரானவர். காலையில் வாக்கிங் போகும்போது "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்காமல் அவள் வீட்டைத் தாண்ட மாட்டார். ரம்ஜானுக்கு அவள் அனுப்பும் ஆப்பிளை மறுக்காமல் வாங்கிக்கொள்கிற மனுஷர்.

திருப்புட்குழி போகிற ரோட்டில், அப்பா விட்டுப்போன நிலத்தில் பெட்ரோல் பங்க் வைக்க, குலுக்கலில் ஜோஹராவின் பேர் விழுந்திருந்தது. பதினாறு வருஷம் இளங்கோவன் பங்க்கில் பில் போட்டவளுக்கு வாழ்நாளில் ஒரு தடவை வருகிற வாய்ப்பு. முதலாளி இளங்கோவன்கூட ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து வாழ்த்தித்தான் அனுப்பினார். மாவட்ட நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று ஒன்றுதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் அதைக் கொடுக்காவிட்டால் எண்ணெய்க் கம்பெனி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும்.

தம்பி ஜுனைத் மனுவைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்தான்.

"பதினோரு பாயிண்டு எழுதிக்கிறாரு ஆபா. ஸ்கூலு எத்தினி மீட்டர் தள்ளி இருக்குது, மேல கரண்ட் கம்பி போவுது, டேங்க்கு தோண்டினா பக்கத்து போர்ல தண்ணி கெட்டுப்பூடுமா, சாமி பொறப்பாட்டுக்கு எடைஞ்சலாமா... இந்தாளுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ வயித்தெரிச்சல்?"

"வயசானவருடா. பயந்துட்டிருப்பாரு."

"பயமா? நம்ம பேரு அவருக்குப் புடிக்கலை. அதை மனுவுல எழுத முடியாது. அதான் ஸ்கூலு, தண்ணின்னு சுத்தி வளைச்சுக்கினு கீறாரு."

ஜோஹரா மனுவை வாங்கி மடித்தாள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு வலித்தது.

ஆட்சேபணைக்கு முப்பது நாள் கெடு, முப்பதாம் நாள் விசாரணை. அதுவரை அக்காவும் தம்பியும் அலையாத ஆபீஸ் இல்லை. ஸ்கூல் கேட்டிலிருந்து வி.ஏ.ஓ.வை வைத்து டேப் பிடித்து அளந்தார்கள். மின்வாரியத்தில் தவம் கிடந்தார்கள். போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடினார்கள். கோயில் ஆபீஸில் கடிதம் வாங்க மட்டும் நாலு நடை.

நடுவில் ஒருநாள் சக்ரவர்த்தியே எதிரில் வந்தார்.

"மின்வாரியக் கடிதம் வந்துடுத்தாம்மா?"

"இப்பதான் வாங்கினேன் சார்."

வாங்கிப் பார்த்தார். "சீல் இல்லையே. வெறும் கையெழுத்து செல்லாது. திரும்பப் போய் சீல் வெச்சு வாங்கிண்டு வா."

அவர் தலை மறைந்ததும் ஜுனைத் சொன்னான். "கொழுப்பைப் பாத்தியா ஆபா?"

முப்பதாம் நாள். மாதம் முடிய இன்னும் இரண்டே நாள். மூன்று மணிக்கு விசாரணை அதிகாரி சுகாசினி ஃபைலைத் திறந்தார். முன்வரிசையில் சக்ரவர்த்தி, மடியில் மனுவின் நகல்.

ஜோஹரா ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் கொடுத்தாள். சக்ரவர்த்தி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு வரி வரியாகப் படித்தார்.

"சரியா இருக்கு. ஆட்சேபணை தீர்ந்ததுன்னு எழுதிக்கோங்கோ."

"எழுதறேன் சார்."

"தேதியும் போட்டுடுங்கோ."

இப்படிப் பதினோரு தடவை. ஜுனைத் ரெண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டு வந்தான்.

நாலரை மணிக்கு ஒரு கூட்டம் உள்ளே வந்தது. முன்னால் ஒரு வக்கீல். அவருக்குப் பின்னால் இளங்கோவன். ஜோஹராவைப் பார்க்காமல் நேராக மேஜைக்குப் போனார்.

"மேடம், நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட ஆட்சேபணை மனு. கெடு முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்குது" என்றார் வக்கீல். "எல்லாமே ஸ்பாட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டிய விஷயம். குறைஞ்சது ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம். ஜோஹரா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சுகாசினி மனுவை நிதானமாகப் படித்தார். பிறகு பக்கத்திலிருந்த ஃபைலைப் புரட்டினார்.

"ஸ்கூல் தூரம். விசாரிச்சாச்சு, தீர்ந்தது. கரண்ட் கம்பி, தீர்ந்தது. போர் தண்ணி, தீர்ந்தது. சாமி புறப்பாடு, கோயில் கடிதமே இருக்கு." கடைசி வரைக்கும் ஒப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஒரு தடவை விசாரிச்சு முடிச்சதை மறுபடி விசாரிக்க முடியாது சார். புதுசா ஏதாவது இருக்கா?"

வக்கீல் இளங்கோவனைப் பார்த்தார். இளங்கோவன் ஃபேனைப் பார்த்தார்.

ஐந்தரை மணிக்குத் தடையில்லாச் சான்று ஜோஹராவின் கையில் இருந்தது.

"நம்ம நல்ல நேரம் ஆபா" என்றான் ஜுனைத் வராந்தாவில். "கெழவரு கேட்ட அதே கேள்வியையே இவனுங்களும் கேட்டானுங்க."

ஜோஹரா சிரிக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படி இறங்கிக்கொண்டிருந்த சக்ரவர்த்தியைப் பார்த்தாள். வேகமாகப் போய் அவர் எதிரில் நின்றாள்.

"சார், அவங்க இன்னிக்கு வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"யார் வருவான்னு தெரியாதும்மா" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா முப்பத்தொரு வருஷம் இந்த ஆபீஸ்ல இருந்திருக்கேன். கடைசி நாள் சாயங்காலம் வர்ற ஆட்சேபணைக்கு ஒருத்தராலயும் பதில் சொல்ல முடிஞ்சதில்லை. அதான், உனக்கு வரக்கூடியது அத்தனையையும் முதல் நாளே நான் கேட்டுட்டேன்."