ஃபிரிட்ஜுக்குள் பொங்கிய மாவு

கனகவல்லி எவ்வளவு இழுத்தும் ஃபிரிட்ஜ் கதவு திறக்கவில்லை. மகள் பாவைக்குப் போட வேண்டிய இன்சுலின் உள்ளே இருந்தது. சூடு பட்டால் அது வீணாகிவிடும்.

"உள்ளே கிருமிகள் பெருகுகின்றன. கதவு பூட்டப்பட்டுள்ளது," என்றது ஃபிரிட்ஜ்.

பொங்கி வழிந்த இட்லி மாவை அவசரத்தில் மூடாமல் உள்ளே தள்ளியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ, அது இட்லி மாவு! நல்லாப் புளிச்சிருக்கு, அவ்வளவுதான்!"

"புளித்திருப்பது உறுதியானது. நன்றி. கிருமிகளைக் கொல்ல உள்ளே சூடேற்றப்படுகிறது."

பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளிருந்த பேட்டரி அசரவில்லை. கதவில் வைத்த உள்ளங்கை மெல்லச் சுட்டது.

பக்கத்து அறையிலிருந்து பாவை குரல் கொடுத்தாள்: "அம்மா, இட்லி வாசனை மூக்கைத் துளைக்குது. சீக்கிரம் ஊசியைப் போடும்மா, பசில உயிர் போகுது."