வெள்ளை ஓடு

கணக்கில் தப்பு விட்டவர்கள் வேதியியல் லேபின் வெள்ளைப் பீங்கான் ஓட்டில் உள்ளங்கையை மல்லாத்தி வைக்க வேண்டும். பியூரெட்டின் பழைய ரப்பர் குழாயால் அருணகிரி சார் அடிப்பார். டைட்ரேஷனில் கரைசல் நிறம் மாறியதும் நிறுத்துவதுபோல், கையில் வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்திவிட்டு, "ரெண்டு அளவும் ஒத்துப்போகணும்ல" என்று மறுகையைக் கேட்பார். பரீட்சை நெருங்க நெருங்க, திருப்புதல் வகுப்பில் இது அன்றாடமாகிவிட்டது.

அன்றைய கேள்வி, இந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலுக்கு எத்தனை மில்லி காரம் பிடிக்கும் என்பது. கரும்பலகையில் அவர் எழுதிய விடை இருபத்தெட்டு. முன்பெஞ்சுப் பேச்சித்தாய்க்கு இருபதுதான் வந்தது.

"சார், படிகத்துக்குள்ள இருக்க தண்ணிய நீங்க சேர்க்கல."

"கைய வை."

களையெடுத்துக் காய்த்துப்போன கையில் நிறம் லேசில் வரவில்லை. வந்தபோது வெளிராகவும் வரவில்லை. தோல் கிழிந்து ஓட்டில் சொட்டியது. மறுகையையும் கேட்டு வாங்கி அடித்தார். ஒத்துப்போனது.

பிறகு தன் விடையை நிரூபிக்க அவரே ஓட்டைத் துடைத்து, அதன்மேல் நிறங்காட்டி சேர்த்த அமிலக் குடுவையை வைத்து, காரம் நிரப்பிய பியூரெட்டைத் திறந்தார். இருபதாவது மில்லியில் ஒரு சொட்டு விழுந்ததும் குடுவை முழுக்க இளஞ்சிவப்பு பரவியது. மூடத் தோன்றாமல் அவர் பார்த்துக்கொண்டே நிற்க, அது அடர்ந்துகொண்டே போனது.

பேச்சித்தாய் மணிக்கட்டால் குடுவையை ஒதுக்கினாள். ஓட்டை அவர் முன்னால் தள்ளினாள்.

"கைய வைங்க சார்."

கடைசி பெஞ்சிலிருந்து யாரோ எழுந்துபோய் லேப் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். அவர் சட்டென்று மேசையைப் பார்த்தார். ரப்பர் குழாய் அங்கே இல்லை.