வராத மேல்பாகம்

"மான் வேட்டைக்குத் தோதா நீதானே புது மேல்பாகத்தைத் தேர்ந்தெடுத்த? மாத்தித் தர்றேன்னு துப்பாக்கியோட பழைய மேல்பாகத்தையும் குழலோட கழட்டி வாங்கிக்கிட்ட. புதுசு எங்க லார்னா?"

"இன்னும் வரலை, டேரல்," என்றாள் துப்பாக்கிக் கடைக்காரி.

அவன் கையோடு கொண்டுவந்திருந்த கீழ்ப்பாகத்தை மேஜைமேல் வைத்தான். வேறு கடைக்குப் போய்விடுவானோ என்று அவள் பயந்தாள்.

"பொய் சொல்லாத. போன வாரமே உன் பீரோவுல பாத்துட்டேன்."

மனைவியைப் புதைத்ததிலிருந்து அவன் சாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். துப்பாக்கியை முழுதாக அவனிடம் கொடுக்க லார்னாவுக்குத் துணிவு வரவில்லை.

"இதையும் சேத்து உள்ள வச்சுப் பூட்டு," என்றான் டேரல். "நானே கெஞ்சினாலும் குடுத்துடாத. இப்ப டாக்டரைப் பாக்கப் போறேன். தனியாப் போகப் பயமா இருக்கு."

லார்னா பீரோவைப் பூட்டிவிட்டு, கடையையும் சாத்தினாள்.

"வண்டியை நான் ஓட்டுறேன், வா."