கபுறடிச் செவ்வரத்தை

“இன்டைக்கும் விழுந்திருக்கா மகன்?”

ஸாஹிர் சட்டைப் பையிலிருந்த மஞ்சள் இலைகளை எடுத்து உம்மாவின் கையில் வைத்தான். செடி பச்சையாகத்தான் இருக்கிறது என்று பொய் சொல்லிப் பார்த்தாயிற்று. கைறுன்னிஸாவிடம் அது எடுபடவில்லை.

அவள் இலைகளைத் தடவித் தடவி அழுதாள். கணவர் அப்துல் கபூரை அடக்கம் செய்த அன்று, முற்றத்துச் செவ்வரத்தையில் கொப்பு ஒடித்து, கபுறின் தலைமாட்டில் நடச் சொல்லிக் கொடுத்தனுப்பியவள் அவள்தான். அது பச்சையாக இருக்கும்வரை இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பவருக்கு வேதனை குறையும் என்பது அவள் நம்பிக்கை. பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கம் இல்லாததால் தண்ணீர் ஊற்றும் வேலை மகனுக்கு வந்தது.

“உள்ளுக்க அந்த மனிசன் என்ன பாடு படுறாரோ. அப்படி என்ன பாவம் செஞ்சார் மகன்?”

“வாப்பாவா பாவம் செஞ்ச? சும்மா இரிங்க உம்மா.”

அதட்டிவிட்டானே தவிர அவனுக்கும் மனம் ஆறவில்லை. காத்தான்குடியில் ஒரு புடவைக்கடை, வாழைச்சேனையில் ஒரு புடவைக்கடை என்று மாடாய் உழைத்தவர் வாப்பா. பாதி வாரம் வாழைச்சேனையிலேயே தங்கிவிடுவார், பெருநாள் நெருங்கினால் வீட்டுப் பக்கமே வரமாட்டார். அப்படிப்பட்டவர் மேல் போயும் போயும் ஒரு செடி பழி போடுவதா?

உம்மா சோறு தண்ணியை விட்டுவிடுவாளோ என்ற பயத்தில், இலையை எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியர் வதனியிடம் போனான்.

“விளிம்பு கருகி, பிறகுதான் மஞ்சளாகியிருக்கு” என்றாள் அவள். “இது உப்புத் தண்ணி செய்த வேலை. கடல் கலந்த வாவித் தண்ணி வயல் வட்டைக்குள்ள ஏறினா நெல்லும் இப்பிடித்தான் போகும்.”

“நான் பைப் தண்ணிதானே ஊத்துறன்?”

“அப்ப வேற ஆரோ ஊத்துறாங்க.”

ஸாஹிருக்கு முதலில் நிம்மதி வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. யாரோ வேண்டுமென்றே செய்கிற வேலை. மறுநாள் சுபஹு தொழுத கையோடு மையவாடிக்குப் போய் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

விடிந்தும் விடியாத நேரம். வாவிப் பக்க வேலியைப் பிரித்துக்கொண்டு ஓர் இளைஞன் உள்ளே வந்தான். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது, கையில் தண்ணீர் நிறைந்த கேன்.

நேரே வாப்பாவின் கபுறடிக்கு வந்தவன், செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். விழுந்து கிடந்த இலைகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குந்தியிருந்து சத்தமில்லாமல் அழுதான்.

ஸாஹிரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. வாழைச்சேனைக் கடையில் வேலை செய்த பிள்ளையாக இருக்கும். முதலாளி மேல் இவ்வளவு பாசமா என்று வியந்தான். கிட்டப்போய்த் தோளில் கை வைத்தான்.

“பயப்படாதீங்க தம்பி. முன்னுக்குப் பைப் இருக்குதானே, இந்த உப்புத் தண்ணிய ஏன் ஊத்துறீங்க? செடி சாகப்போகுது.”

இளைஞனின் முகம் வெளிறியது. கேனைக் கீழே வைத்தான்.

“உப்புக் கூடாதெண்டு எனக்குத் தெரியா. கேற்றால வந்தா ஆக்கள் காணுவாங்க.”

“கண்டா என்ன? இது எங்கட வாப்பாட கபுறு. நீங்க துஆ கேக்க வாறத ஆரு தடுக்கப்போறாங்க?”

அவன் நிமிர்ந்து ஸாஹிரின் முகத்தையே பார்த்தான்.

“எனக்கும் அவர்தான் வாப்பா, காக்கா.”