முன் கதவில் நின்றவர்

பயிற்சி நிலையத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிரசங்கம் வரப்போகிறது என்று அர்த்தம்.

“மேடம், இறந்துபோன நம்ம சீனியர் தங்கமான மனுஷன்தான். ஆனா இந்தக் கூடத்துல அவர் படத்தை மாட்ட முடியாது. பயணிகள் தப்பிக்கிற அவசரச் சறுக்கை முடக்கற லீவரைச் சரியா வைக்காம கதவைத் திறந்து, அது வெளியே உப்பி, விமானமே ஒரு நாள் பூரா நின்னுச்சு. கண்ணால பார்த்தவன் நான்! வருஷா வருஷம் அதைத்தான் பாடமா நடத்தறேன்.”

“தப்பு பண்ணினது அவர் இல்ல சார்,” என்றாள் ஓய்வுபெற்ற விமானப் பணிப்பெண், மடியிலிருந்த படத்தைத் துடைத்தபடி.

“பின்னே, நீங்களா?”

“நான் பின் கதவு.”

“அப்ப யாரு? சொல்லுங்க, அந்த மகானுபாவரை இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டேன்!”

“முன் கதவுல அவரோட நின்ன புது ஆள். முதல் நாளே வேலை போயிடுமேன்னு இவர் பழியை ஏத்துக்கிட்டார். ‘நீ சரியாத்தான் திருப்பின, நான்தான் மறுபடி மாத்தித் தொலைச்சுட்டேன்’னு அந்த ஆள்கிட்டயே பொய் சொன்னார். அன்னிக்குக் கேட்ட அந்தப் பொய்யை நீங்க முப்பது வருஷமா நம்பிட்டிருக்கீங்க.”

தலைவர் பிரசங்கம் செய்யாமலே கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்தக் கூடத்துக்கே அது புது அனுபவம். மெல்ல எழுந்து, தம் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றார்.

“படத்தைக் குடுங்க அக்கா. இந்த உயரம் போதுமா?”